துண்டுக்கா, அறைக்கா? குளியலறைச் சூட்டின் கதை



பிள்ளைகளைப் பார்க்க லண்டனுக்கோ மான்செஸ்டருக்கோ போய்வந்த பெற்றோர் நம் வளாகத்தில் பலர் உண்டு. குளிர்காலத்தில் அங்கே தங்கியிருந்தால், குளியலறைச் சுவரில் ஏணி போல ஒரு பளபளப்பான குழாய்ச் சட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே வெந்நீர் ஓடும். தொட்டால் சுடும். அதன்மேல் துண்டைப் போட்டு வைத்தால், குளித்து முடித்துத் துடைக்கும்போது துண்டு இதமாக இருக்கும். பல வீடுகளில் அந்த அறையைச் சூடாக்குவதும் அதே ஏணிதான். தனியாக வேறு ரேடியேட்டர் இருக்காது.

துண்டைக் காய வைப்பதும் அறையைச் சூடாக்குவதும் ஒரே வேலை போலத் தோன்றும். உண்மையில் இரண்டும் வேறு. வங்கிக் கணக்கு மொழியில் சொன்னால், இது இரண்டு பேர் பணம் எடுக்கும் ஜாயின்ட் அக்கவுன்ட். இருப்பு ஒன்றுதான். துண்டு எடுத்துக்கொண்ட சூடு அறைக்குக் கிடைக்காது. இந்த இரண்டு தேவைகளையும் ஒரே கருவியில் சேர்க்க நூறு வருடங்களுக்கு மேலாக முயன்று வந்திருக்கிறார்கள். அந்த வரலாற்றைத்தான் இந்த இதழில் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

கணப்பின் முன்னால் ஒரு தகரத் தொட்டி

இங்கிலாந்தின் பாத் நகரத்துக்குப் போனவர்கள் ரோமானியர் கட்டிய குளியல் மண்டபங்களைப் பார்த்திருப்பீர்கள். தரையைச் சிறு சிறு தூண்கள் மேல் உயர்த்தி, அடியில் சூடான காற்றை ஓடவிட்டு, அறையையே வெதுவெதுப்பாக்கினார்கள். ஐந்தாம் நூற்றாண்டில் ரோமானியர் ஆட்சி அங்கே முடிந்ததும் அந்த வித்தையும் போயிற்று. அதன்பின் பல நூற்றாண்டுகள் பிரிட்டிஷ் வீடுகளுக்குச் சூடு தந்தது கணப்பு ஒன்றுதான்.

சாதாரண உழைப்பாளி வீட்டில் குளியலறை என்று தனியாக எதுவும் கிடையாது. வாரம் ஒரு நாள், சுவரில் மாட்டியிருக்கும் தகரத் தொட்டியை இறக்கி, அடுப்பின் முன்னால் வைத்து, வெந்நீர் ஊற்றி, வீட்டார் ஒருவர்பின் ஒருவராகக் குளிப்பார்கள். துண்டுகள் பக்கத்திலேயே ஒரு மரச்சட்டத்தில் தொங்கும். ஒரே நெருப்பு நீரையும் காய்ச்சியது, உடம்புக்கும் சூடு தந்தது, துணியையும் காய வைத்தது. மூன்று வேலையும் ஓரிடத்தில் நடந்ததால், எதைச் சூடாக்குவது என்ற கேள்வியே அப்போது எழவில்லை.

குளியலைத் தனி அறைக்குக் கொண்டுபோனபோதுதான் அந்தக் கேள்வி பிறந்தது. வசதியுள்ளவர்கள் வீட்டில் 19ஆம் நூற்றாண்டில் குழாயும் நிலையான தொட்டியும் வைத்த குளியலறை வந்தது. ஆனால் அந்த அறை அடுப்பிலிருந்து தொலைவில், பெரும்பாலும் மாடியில், வெளிச்சுவரை ஒட்டி இருந்தது. தண்ணீர் சுடும், அறை உறையும்.

கீசர் என்ற பெயர்

நாம் தினமும் சொல்லும் ஒரு சொல் இந்தக் கட்டத்தில்தான் பிறந்தது. லண்டனில் பெஞ்சமின் வாடி மாகன் என்ற அலங்கார ஓவியர் 1868இல் எரிவாயுவால் குளியல் நீரை உடனுக்குடன் சூடாக்கும் ஒரு கருவியைக் கண்டுபிடித்தார். ஐஸ்லாந்து நாட்டில் தரையைப் பிளந்துகொண்டு பீறிடும் வெந்நீர் ஊற்றின் பெயர் கெய்சிர். அந்தப் பெயரையே கருவிக்கு வைத்தார். பிரிட்டிஷார் வழியாக அது நம்மிடம் வந்தது. இங்கிலாந்தில் இன்று அந்தச் சொல்லைச் சொல்பவர்கள் குறைவு. இந்தியாவிலோ மின்சாரத்தில் ஓடினாலும் அது கீசர்தான்.

மாகனின் கருவியில் எரிந்த வாயு வெளியேறத் தனிப் புகைக்குழாய் கிடையாது. குளிருக்குப் பயந்து ஜன்னலையும் கதவையும் அடைத்துக்கொண்டு குளித்தால், எரிந்த வாயு அறைக்குள்ளேயே தேங்கும். அறையைச் சூடாக வைக்க வேறு வழி இல்லாததே கருவியை ஆபத்தாக்கியது என்று சொல்லலாம். நம் வளாகத்திலும் எரிவாயு கீசர் வைத்திருப்பவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும். மூடிய குளியலறையில் கார்பன் மோனாக்சைடு சேர்ந்து உயிர்ப்பலி ஆவது நம் நாட்டில் இன்னும் நிற்கவில்லை. அந்த வாயுவுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது.

ரேடியேட்டர் வந்த வழி

அறையைச் சூடாக்கும் வேலைக்குத் தனிக் கருவி இதற்கு முன்பே பிறந்துவிட்டது, ஆனால் குளியலறைக்காக அல்ல. அமெரிக்காவில் பிறந்து லண்டனில் குடியேறிய ஏஞ்சியர் மார்ச் பெர்கின்ஸ் 1831இல் ஒரு காப்புரிமை பெற்றார். தடித்த, குறுகிய இரும்புக் குழாய்களில் அதிக அழுத்தத்தில் வெந்நீரை ஓடவிட்டுக் கட்டடத்தைச் சூடாக்கும் முறை அது. கட்டடக் கலைஞர் சர் ஜான் சோன் மறு வருடமே தம் வீட்டில் இதை அமைத்துக்கொண்டார். அந்த வீடு இன்று லண்டனில் அருங்காட்சியகமாக இருக்கிறது.

வெறும் குழாய் போதாது, சூட்டை அறைக்குள் பரப்ப அதிகப் பரப்பளவு வேண்டும் என்பது அடுத்த படி. ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் தொழில் நடத்திய பிரான்ஸ் சான் கல்லி 1855-57 காலத்தில் உருவாக்கிய வார்ப்பிரும்புக் கருவியைத்தான் இன்றைய ரேடியேட்டரின் முன்னோடி என்கிறார்கள். அமெரிக்காவில் ஜோசப் நேசனும் ராபர்ட் பிரிக்ஸும் 1863இல் செங்குத்துக் குழாய்களை ஓர் இரும்புப் பீடத்தில் திருகிப் பொருத்தும் வடிவத்துக்குக் காப்புரிமை பெற்றார்கள். இந்த நேசன் முன்பு லண்டனில் பெர்கின்ஸிடம் வேலை பார்த்தவர். 1892இல் பல கம்பெனிகள் இணைந்து அமெரிக்கன் ரேடியேட்டர் கம்பெனி ஆயிற்று. 1906இல் அதன் பிரிட்டிஷ் கிளை ஹல் நகரத்தில் உற்பத்தியைத் தொடங்கியது.

பெயர் ரேடியேட்டர் என்றாலும், அது கதிர் வீசுவதால் மட்டும் அறையைச் சூடாக்குவதில்லை. பக்கத்தில் உள்ள காற்றைச் சூடாக்கி மேலே அனுப்புகிறது. குளிர்ந்த காற்று கீழிருந்து வந்து அதன் இடத்தை நிரப்புகிறது. இந்தச் சுழற்சி நடக்க அதைச் சுற்றி இடம் காலியாக இருக்க வேண்டும். இதை மனதில் வையுங்கள். பின்னால் துண்டு வந்து கெடுக்கப்போவது இதைத்தான்.

டவல் ராடு ஏன் பித்தளையில்?

டவல் ராடைச் சூடாக்கும் எண்ணம் வேறு வழியில் வந்தது. பழைய பிரிட்டிஷ் வீட்டில் சமையலறை அடுப்பின் பின்னால் ஒரு பாய்லர் இருக்கும். மாடியில் வெந்நீர்த் தொட்டி. சூடான நீர் லேசானது என்பதால் தானாக மேலே ஏறும். குளிர்ந்த நீர் கனமானது என்பதால் கீழே இறங்கும். பம்ப் எதுவும் வேண்டாம். இந்தச் சுற்றுப் பாதையில் குளியலறைப் பக்கமாகப் போகும் குழாயை வளைத்து, அழகுபடுத்தி, துண்டு போட வசதி செய்தார்கள். சூடேறும் டவல் ராடு பிறந்தது.

இந்த அமைப்பில் இரண்டு சிறப்புகள் இருந்தன. முதலாவது, ராடு வெந்நீர்ச் சுற்றில் இருந்ததால் வருடம் முழுவதும் சூடாக இருக்கும். கோடையில் வீட்டு ரேடியேட்டர்களை நிறுத்திவிட்டாலும், குளிக்க வெந்நீர் வேண்டுமே! அதனால் துண்டு எந்தப் பருவத்திலும் காய்ந்தது. மழையும் ஈரமும் ஓயாத நாட்டில் இது சின்ன வசதி இல்லை. இரண்டாவது, நிலக்கரி அடுப்பை எரிவாயு போல ஒரு திருகில் அணைக்க முடியாது. வீட்டார் வெந்நீரைப் பயன்படுத்தாவிட்டாலும் நெருப்பு நீரைச் சூடாக்கிக்கொண்டே இருக்கும். மிஞ்சும் வெப்பம் எங்கேயாவது போயாக வேண்டும். அதற்காகவே குளியலறை ராடையோ சின்ன ரேடியேட்டரையோ யாரும் மூட முடியாதபடி வால்வு இல்லாமல் விட்டு வைத்தார்கள். பார்வைக்கு அது ஆடம்பரம். பிளம்பருக்கு அது பாய்லர் கொதித்துவிடாமல் காக்கும் போக்கிடம்.

அந்தக் காலத்து ராடு பித்தளையிலோ செம்பிலோ செய்து நிக்கல் அல்லது குரோமியம் முலாம் பூசியதாக இருந்ததற்கும் காரணம் உண்டு. பல வீடுகளில் பாய்லரில் சுற்றிய நீரும் குழாயில் வந்த நீரும் ஒன்றுதான். குழாயைத் திறக்கும்போதெல்லாம் புதுத் தண்ணீர் உள்ளே வரும். புதுத் தண்ணீரில் ஆக்சிஜன் கரைந்திருக்கும், அது சாதாரண எஃகைத் துருப்பிடிக்க வைக்கும். ரேடியேட்டர் சுற்றிலோ அதே நீர் திரும்பத் திரும்பச் சுற்றும். அதிலுள்ள ஆக்சிஜன் ஆரம்பத்திலேயே செலவாகிவிடுவதால் இரும்பு பல வருடம் தாங்கும். இந்த வேறுபாடு தெரியாமல், மலிவான எஃகு ராடை வெந்நீர்க் குழாயில் பொருத்தினால் சில வருடங்களில் பொத்துக்கொண்டு ஒழுகும். இன்றைக்கும் இது பொருந்தும்.

முதல் கூட்டு

ஆக, ஒரு குளியலறையில் இரண்டு கருவிகள். ஜன்னல் அடியில் வார்ப்பிரும்பு ரேடியேட்டர், அது குளிர்கால வெப்பச் சுற்றில். தொட்டி அருகில் பித்தளை டவல் ராடு, அது எப்போதும் ஓடும் வெந்நீர்ச் சுற்றில். அறை சிறியது. இரண்டுக்கும் இடம் போதாது. ரேடியேட்டர் மேலேயே துண்டைப் போடத் தொடங்கினார்கள். துண்டு காய்ந்தது, அறை குளிர்ந்தது.

இதற்குக் கிடைத்த நல்ல தீர்வு இன்றும் பழைய பாணி என்ற பெயரில் விற்கப்படுகிறது. வெளியே பளபளப்பான குழாய்ச் சட்டம். அதன் நடுவில், கீழ்ப் பகுதியில், சிறிய வார்ப்பிரும்பு ரேடியேட்டர். சட்டத்தின் மேல் கம்பி ரேடியேட்டரைவிட உயரத்திலும் சற்று வெளியே தள்ளியும் இருக்கும். துண்டு மேலே தொங்கும், ரேடியேட்டரின் பெரும்பகுதி திறந்தே இருக்கும். அறைக்கான பங்கைத் துண்டு மூடிவிடாதபடி பிரித்து வைத்ததுதான் இந்த வடிவத்தின் புத்திசாலித்தனம். கூட்டுக் குடும்பத்தில் சமையல் ஒன்றாக இருந்தாலும் அவரவர் பங்கு அவரவருக்கு வந்து சேர வேண்டும் அல்லவா, அது போல.

ரஷ்ய அடுக்குமாடியின் பாம்புக் குழாய்

அடுக்குமாடியில் வாழும் நமக்கு இன்னும் நெருக்கமான கதை ரஷ்யாவில் இருக்கிறது. லெனின்கிராடில் 1924இல் மின் நிலையத்தின் வெப்பத்தைக் குழாய் மூலம் கட்டடத்துக்கு அனுப்பத் தொடங்கினார்கள். பிறகு சோவியத் நகரங்கள் முழுவதும் இந்தப் பொது வெப்ப முறை பரவியது. வீட்டுக்கு வீடு பாய்லர் இல்லை. ஊருக்கே ஒரு பெரிய நிலையம், அங்கிருந்து வெந்நீர்.

அந்த வீடுகளின் குளியலறையில் பாம்பு போல வளைந்த ஒரு தடித்த குழாய் சுவரில் இருக்கும். அதன் ரஷ்யப் பெயரின் பொருளே 'துண்டு காய வைப்பது' என்பதுதான். பல கட்டடங்களில் அது மாடிக்கு மாடி ஏறி இறங்கும் வெந்நீர் ரைசர் குழாயின் ஒரு பகுதி. அந்தக் குழாயே உங்கள் வீட்டில் சற்று வளைந்து, துண்டைக் காய வைத்து, குளியலறையையும் சூடாக்கிவிட்டு, அடுத்த மாடிக்குப் போகும். வெந்நீர்ச் சுற்றில் இருந்ததால் கோடையிலும் சூடாக இருக்கும். வருடத்துக்கு ஒரு முறை பராமரிப்புக்காக வெந்நீரைச் சில நாட்கள் நிறுத்தும்போது மட்டும் அதுவும் குளிர்ந்துவிடும்.

சோவியத் ஆட்சி போய், வீடுகள் தனியார் சொத்தான பிறகு, பலர் அந்தப் பழைய தடித்த குழாயை அறுத்துவிட்டுக் கடையில் வாங்கிய பளபளப்பான ஏணியை மாட்டினார்கள். ஏணியின் குழாய் குறுகலானது. சிலர் மாற்றுப்பாதை வைக்காமல் வால்வையும் பொருத்தினார்கள். ஒருவர் தன் வால்வை மூடினால் அந்த ரைசரில் உள்ள எல்லா மாடிக்கும் சுழற்சி தடைப்படும். மேல் மாடிக்காரர் குழாயைத் திறந்தால் வெகுநேரம் ஆறிய தண்ணீர்தான் வரும். ரஷ்ய அரசின் 2006ஆம் ஆண்டு விதிகள் ரைசர் குழாயையும், அதிலிருந்து பிரியும் கிளையை முதல் வால்வு வரையிலும் கட்டடத்தின் பொதுச் சொத்தாக வகுத்திருக்கின்றன.

நம் சங்கக் கூட்டங்களில் ஷாஃப்ட் குழாய் யாருடையது என்று எத்தனை முறை பேசியிருக்கிறோம்! வீட்டுக்குள் இருப்பதெல்லாம் வீட்டுக்காரருடையது என்று ஆகிவிடாது என்பதை மாஸ்கோக்காரர்களும் சண்டை போட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள்.

பம்ப் வந்தது, கோடைச் சூடு போனது

பிரிட்டனுக்குத் திரும்புவோம். 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போதுகூட அங்கே 37 சதவீதக் குடும்பங்களுக்கு நிலையான குளியல் தொட்டி கிடையாது. உலகப் பேரரசு நடத்திய நாட்டின் நிலை இது. 1961இல் சர் பார்க்கர் மாரிஸ் தலைமையிலான குழு வீட்டுத் தரம் பற்றிய அறிக்கை கொடுத்தது. வெளியே உறைநிலைக் குளிர் இருக்கும்போதும் கூடத்தை 18 டிகிரி செல்சியஸ், சமையலறையையும் நடைபாதையையும் 13 டிகிரி வரை சூடாக்க வசதி வேண்டும் என்று அது கேட்டது. இதுவே அன்று பெரிய கோரிக்கை. அடுத்த வருடமே 1962-63 பெருங்குளிர் வந்து, குழாய்கள் உறைந்து, அறிக்கையின் நியாயத்தை எல்லோருக்கும் புரிய வைத்தது.

1965இல் வடகடலில் இயற்கை எரிவாயு கிடைத்தது. 1967 முதல் 1977 வரை பத்து வருடங்களில் நாடு முழுவதும் வீடு வீடாகப் போய், நிலக்கரி வாயுவுக்காகச் செய்த அடுப்புகளையும் பாய்லர்களையும் புது வாயுவுக்கு மாற்றினார்கள். மலிவான எரிபொருள் வந்ததும் ரேடியேட்டர் வைத்த வீடுகள் பெருகின. 1970இல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வீடுகளில்தான் மைய வெப்ப வசதி இருந்தது. இன்று பத்தில் ஒன்பதுக்கும் மேல்.

அதுவரை குளியலறையில் என்ன செய்தார்கள்? சுவரின் உயரத்தில் சிவக்கும் மின் கம்பி ஹீட்டர், அதை இயக்க ஒரு நூல் கயிறு. ஈரக் கையால் சுவிட்சைத் தொடக் கூடாது என்பதற்காகவே அந்தக் கயிறு. சில வீடுகளில் மண்ணெண்ணெய் ஹீட்டர். அது எரியும்போது நீராவியையும் வெளியிடும், அதனால் சூட்டோடு ஈரத்தையும் சேர்த்தே கொடுத்தது.

புதிய அமைப்பில் நீரைத் தள்ள பம்ப் வந்தது. 1980களிலிருந்து தொட்டியே வேண்டாத காம்பி பாய்லர் பரவியது. குழாயைத் திறந்தால் அப்போதுதான் நீர் சூடாகும். இதில் இடம் மிச்சம், எரிபொருள் மிச்சம். ஆனால் எப்போதும் சுற்றிக்கொண்டிருந்த அந்த வெந்நீர்ச் சுற்று மறைந்தது. அதோடு வெந்நீர்த் தொட்டியைச் சுற்றித் துண்டுகளை அடுக்கி வைக்கும் வெதுவெதுப்பான அலமாரியும் மறைந்தது. டவல் ராடு ரேடியேட்டர் சுற்றுக்கு இடம் மாறியது. விளைவு, மே மாதம் வெப்பத்தை நிறுத்தினால் துண்டும் ஈரமாகவே கிடக்கும்.

ஏணியின் கணக்கு

சுவிட்சர்லாந்தின் செண்டர் கம்பெனி 1930இல் எஃகுக் குழாய்களால் ஆன ரேடியேட்டரைச் செய்தது. வார்ப்பிரும்பைவிட லேசானது, விரும்பிய அளவில் செய்யலாம். குழாய்களைக் கிடைமட்டமாக அடுக்கி இடையிடையே துண்டு நுழைய இடம் விட்டால் அதுவே ஏணி. ரேடியேட்டரும் டவல் ராடும் ஒன்றானது இப்படித்தான். இடம் அடைக்காது, பார்வைக்கு நன்றாக இருக்கும், விலையும் இறங்கியது. புதிய வீடு கட்டுபவர்கள் யோசிக்காமல் ஏணியையே வைத்தார்கள்.

இப்போது கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். ஒரு குளியலறைக்கு 600 வாட் வெப்பம் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைப் பெயின்ட் அடித்த, சரியாக 600 வாட் தரும் ஏணியைத் தேர்ந்தெடுக்கிறீர்கள். கடைக்காரர் அதே அளவில் குரோமியம் முலாம் பூசியதைக் காட்டுகிறார். பளபளப்பான உலோகம் வெப்பக் கதிரை எளிதில் வெளியே விடாது. அதனால் அதே அளவுள்ள ஏணி குரோமியத்தில் 20 முதல் 30 சதவீதம் குறைவாகத் தரும். 600 என்பது 450 ஆயிற்று. பிறகு அதன்மேல் இரண்டு தடித்த துண்டுகளை மடித்துப் போடுகிறீர்கள். காற்றுச் சுழற்சி தடைபட்டு அது இன்னும் குறைகிறது. துண்டுக்குத் திருப்தி. அறைக்குப் பாதிகூடப் போய்ச் சேரவில்லை.

கோடைப் பிரச்சினைக்கு ஒரு தீர்வு கண்டார்கள். ஏணியின் அடியில் சிறிய மின் கம்பியைச் செருகுவது. நம் வாளி ஹீட்டரின் தம்பி என்று சொல்லலாம். குளிர்காலத்தில் பாய்லர் நீர், கோடையில் மின்சாரம். மின்சாரத்தில் ஓடும்போது ஒரு பக்க வால்வை மூடலாம், இரண்டையும் மூடக் கூடாது. சூடாகும் நீர் விரிவடைய வழி வேண்டும். 300 வாட் கம்பியைத் தினமும் இரண்டு மணி நேரம் ஓட்டினால் மாதம் 18 யூனிட். அணைக்க மறந்து நாள் முழுவதும் விட்டால் 216 யூனிட். அதனால் டைமர் வைத்து வாங்குவது நல்லது.

சுவர் ஏன் சூடாக இருக்க வேண்டும்?

துண்டு இதமாக இல்லாவிட்டால் என்ன குடிமுழுகிப் போய்விடும் என்று கேட்கலாம். விஷயம் துண்டோடு நிற்பதில்லை. குளியலறையில் எழும் நீராவி, குளிர்ந்த சுவரைத் தொட்டதும் நீர்த்துளியாகும். சுவர் வியர்க்கும். ஈரத் துண்டிலிருந்து கிளம்பும் ஆவியும் அதே சுவரில்தான் போய்ப் படியும். வெளியேற்றும் விசிறியும் சரியாக இல்லாவிட்டால் சில வாரங்களில் கறுப்புப் பூஞ்சை பிடிக்கும்.

2020 டிசம்பரில் இங்கிலாந்தின் ரோச்டேல் நகரத்தில், ஒரு படுக்கையறை கொண்ட வாடகை அடுக்குமாடி வீட்டில், இரண்டு வயதுக் குழந்தை இறந்தது. வீட்டுப் பூஞ்சையை நீண்ட நாள் சுவாசித்ததால் வந்த மூச்சுக் கோளாறே காரணம் என்று 2022இல் விசாரணை அதிகாரி அறிவித்தார். குளியலறையிலும் சமையலறையிலும் காற்றோட்டம் போதவில்லை. பெற்றோர் பலமுறை புகார் செய்திருந்தார்கள். அந்தக் குழந்தையின் பெயரால் ஒரு சட்டம் வந்தது. சமூக வீடுகளின் உரிமையாளர்கள் ஓதம், பூஞ்சைப் புகார்களைக் குறித்த காலத்துக்குள் சரிசெய்ய வேண்டும் என்ற கட்டாயம் 2025 அக்டோபரிலிருந்து நடைமுறைக்கு வந்திருக்கிறது.

டவல் ராடு இருந்திருந்தால் அந்தக் குழந்தை பிழைத்திருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. குளியலறைச் சூட்டை ஆடம்பரமாக நினைத்த காலம் அங்கே முடிந்துவிட்டது என்பதற்கு இதைச் சொல்கிறேன். காய்ந்த சுவரும் வெளியேறும் காற்றும்தான் முதல் தேவை. இதமான துண்டு அதற்குப் பிறகு.

மறுபடியும் பிரிகிறார்கள்

இப்போது பிரிட்டனில் எரிவாயு பாய்லருக்குப் பதிலாக ஹீட் பம்ப் வரத் தொடங்கியிருக்கிறது. அது நீரைப் பழைய பாய்லர் அளவுக்குச் சூடாக்காது. இங்கிலாந்தில் 2022 ஜூன் முதல், புதிதாக அமைக்கும் வெப்ப அமைப்புகளைப் பாய்லரிலிருந்து புறப்படும் நீர் 55 டிகிரி அல்லது அதற்குக் கீழே இருக்கும்படி வடிவமைக்க வேண்டும் என்பது விதி. ஆனால் ரேடியேட்டர் அட்டவணையில் அச்சிட்டிருக்கும் வாட் அளவு, உள்ளே சராசரி 70 டிகிரி நீரும் அறையில் 20 டிகிரியும் என்ற கணக்கில், அதாவது 50 டிகிரி வித்தியாசத்துக்குச் சொல்வது. வித்தியாசம் 30 டிகிரி ஆனால் வெப்பம் ஏறக்குறைய பாதியாகிவிடும். ஏற்கெனவே துண்டுக்குப் பங்கு கொடுத்துக்கொண்டிருந்த ஏணி, இந்தப் பாதியை வைத்துக்கொண்டு அறையைச் சூடாக்க முடியாது.

அதனால் வல்லுநர்கள் பழைய வழிக்கே திரும்புகிறார்கள். அறைக்குப் பெரிய தட்டை ரேடியேட்டர் அல்லது தரையடிச் சூடு. துண்டுக்குத் தனியாகச் சின்ன மின் ராடு. இடம் இல்லாவிட்டால், தட்டை ரேடியேட்டருக்கு மேலேயும் சற்று முன்னாலும் ஒரு கம்பி. பழைய பாணிச் சட்டத்தின் அதே யோசனை, புது உருவத்தில்.

வெளிநாட்டில் பிள்ளைகள் வீடு வாங்கும்போதோ குளியலறையைப் புதுப்பிக்கும்போதோ உங்களிடம் படம் அனுப்பி அபிப்பிராயம் கேட்பார்கள். அப்போது நிறத்தை மட்டும் பார்க்காமல் நான்கு கேள்விகள் கேளுங்கள். அறைக்கு எத்தனை வாட் வேண்டும், துண்டு போட்ட பிறகும் அது கிடைக்குமா? முலாமா, பெயின்டா? ராடு எந்த நீர்ச் சுற்றில் இருக்கிறது, அதற்கேற்ற உலோகமா? கோடையில் என்ன ஏற்பாடு?

போய்த் தங்கும் நமக்கு ஒரு எச்சரிக்கை. அந்த ஏணி நாம் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பதற்கான கைப்பிடி அல்ல. நம் எடையைத் தாங்கும்படி சுவரில் பொருத்தப்பட்டதும் அல்ல. 70 டிகிரியில் ஓடும்போது கையைச் சுட்டுவிடும். முதியோர் இல்லங்கள் போன்ற இடங்களில் தொடும் பரப்பு 43 டிகிரியைத் தாண்டக் கூடாது என்று பிரிட்டனில் வழிகாட்டுதலே உண்டு. பிள்ளைகள் வீட்டில் அந்தக் காப்பு இருக்காது. வழுக்கும் தரையில் பிடிமானம் வேண்டுமென்றால் தனியாக ஒரு கைப்பிடி போடச் சொல்லுங்கள்.

நம் ஊருக்கு இந்த ஏணி தேவையில்லை. ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் மூன்று நாள் காயாத துண்டும், குளியலறை மூலையில் கறுப்புப் புள்ளிகளும் நம் வீடுகளிலும் உண்டு. குளித்து முடித்த பிறகு எக்ஸாஸ்ட் ஃபேனை ஒரு இருபது நிமிடம் ஓடவிடுங்கள். ஈரத் துண்டைக் குளியலறைக்குள் போடாமல் பால்கனிக் கொடியில் போடுங்கள். ஃபேன் ஓடாத வீட்டுக்காரர்கள் சங்க அலுவலகப் பதிவேட்டில் எழுதிவைத்தால், எலக்ட்ரீஷியன் வரும் நாளில் சேர்த்துப் பார்த்துவிடலாம்.